சொல்லப்படாத 162 பேர்

2018 ஏப்ரல் 25. டப்ளின் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு 25 லட்சம் யூரோவுக்குச் சமரசத்தில் முடிந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய். பணம் கொடுத்தது டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கும் கிளினிக்கல் பேத்தாலஜி லேபாரட்டரீஸ் என்ற பரிசோதனைக்கூடம். தவறை ஒப்புக்கொள்ளாமல்தான் கொடுத்தது. பெற்றுக்கொண்டவர் விக்கி ஃபெலன்: வயது 43, இரண்டு பிள்ளைகள், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய். அந்த ஆண்டு ஜனவரியில் மருத்துவர்கள் அவருக்குச் சொன்ன கெடு 6 முதல் 12 மாதம். நடந்ததை வெளியில் பேசமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார். அந்த ஒரு மறுப்பு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் வரும் எண்களில் பெரும்பாலானவை இன்றுவரை கோப்புகளுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

அவருடைய கணக்கை முதலில் தேதிகளாகப் போட்டுப் பார்க்கலாம். 2011 மே மாதம் அரசின் இலவசப் பரிசோதனைத் திட்டத்தில், கருப்பைவாய்ச் செல்களைப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை எடுத்துக்கொண்டார். கோளாறு எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. 2014-இல் புற்றுநோய் தெரியவந்தது. அதே 2014-இல் திட்டத்தின் உள்தணிக்கையில் அவருடைய பழைய ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் சொன்ன முடிவு தவறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. 2016-இல் அவருடைய மருத்துவருக்குத் தகவல் போனது. அதற்குப் பிறகும் 15 மாதம் கழிந்து, 2017 செப்டம்பரில்தான் செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது.

ஸ்லைடைத் தவறாகப் படித்ததில் போனது மூன்று ஆண்டு. தவறு தெரிந்தும் சொல்லாமல் கழிந்தது இன்னொரு மூன்று ஆண்டு. முதல் மூன்று ஆண்டுக்கு 25 லட்சம் யூரோ என்று ஒரு விலை விழுந்தது. அரசின் சுகாதார அமைப்பான எச்.எஸ்.இ. மீது அவர் தொடுத்திருந்த பகுதி அந்தச் சமரசத்தோடு கைவிடப்பட்டது. ஆகவே இரண்டாவது மூன்று ஆண்டுக்கு எதிரே அன்று எழுதப்பட்ட தொகை பூஜ்யம். என் அக்கறை முழுக்க அந்தப் பூஜ்யத்தின் மேல்தான்.

திட்டத்தின் பெயர் செர்விகல்செக். 2008 செப்டம்பரில் அயர்லாந்து முழுவதும் தொடங்கியது. அப்போது 25 முதல் 60 வயது வரையிலான பெண்களுக்கு அது இலவசமாக இருந்தது. அந்தக் காலத்தில் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 300 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது. சுமார் 90 பேர் இறந்தார்கள். கோடிக்கணக்கில் மக்கள் வாழும் நாட்டிலிருந்து பார்க்கும் நம் கண்ணுக்கு இது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் இந்த நோய் மெதுவாக வருவது. செல்கள் மாறத் தொடங்கி அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் ஆகும். இடையில் ஒருமுறை பிடித்துவிட்டால் வெளிநோயாளியாகவே சின்னச் சிகிச்சையில் முடித்துவிடலாம். அதனால்தான் இதற்கு ஸ்மியர் சோதனை பலன் தருகிறது. அதனால்தான் தவறவிட்ட ஒரு ஸ்லைடின் கணக்கு இவ்வளவு கனக்கிறது. முதல் பத்தாண்டில் செர்விகல்செக் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மியர்களைப் பார்த்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் புற்று வராமலே தடுத்தது. இந்த வரவையும் எழுதாமல் செலவை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது.

திட்டம் தொடங்குவதற்கு முன் அயர்லாந்தின் கூடங்களில் ஸ்மியர் முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. தேங்கிக் கிடந்ததைத் தீர்க்க 2008-இல் ஸ்லைடுகளைப் படிக்கும் வேலை அமெரிக்காவின் குவெஸ்ட் டயக்னாஸ்டிக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. திட்டத்தின் தரக்கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்த நோய்க்குறியியல் மருத்துவர் டேவிட் கிப்பன்ஸ் அப்போதே எச்சரித்தார். தீவிரமான மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் விகிதம் அயர்லாந்துக் கூடங்களைவிட அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது அவர் வைத்த கணக்கு. எச்சரிக்கை எடுபடாததால் குழுவிலிருந்து விலகினார். பின்னர் ஆஸ்டின் கூடமும் டப்ளினின் மெட்லேப் பேத்தாலஜியும் ஒப்பந்தத்துக்குள் வந்தன. அயர்லாந்துப் பெண்களின் ஸ்லைடுகள் ஆறு கூடங்களுக்குப் போயின என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அரசு நியமித்த விசாரணையாளர் டாக்டர் கேப்ரியல் ஸ்காலி 2019 ஜூனில் கொடுத்த துணை அறிக்கையில் அது 16 ஆனது. மீதிப் பத்து இடங்கள் எவை என்பது வேலையைக் கொடுத்த அரசுக்கே தெரிந்திருக்கவில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். திரவத்தில் எடுத்த மாதிரியிலிருந்து செல்கள் கண்ணாடி ஸ்லைடின் மேல் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமாகப் படியவைக்கப்படும். புதிய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. அதற்குள் பல்லாயிரம் செல்கள். ஸ்லைடு படிப்பவர் நுண்ணோக்கியை ஒரு ஓரத்தில் தொடங்கி, வரிவரியாக நகர்த்தி, முழு வட்டத்தையும் கண்ணால் கடக்க வேண்டும். அவர் தேடுவது, கரு பெரிதாகிக் கருமை கூடி, அதன் விளிம்பு கோணலாகிப்போன செல்லை. சில ஸ்லைடுகளில் அப்படிப்பட்டவை கொத்தாகக் கிடக்கும், யார் கண்ணுக்கும் தப்பாது. சிலவற்றில் மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். அவையும் ரத்தத்துக்கும் அழற்சிச் செல்களுக்கும் இடையே மறைந்திருக்கும். அமெரிக்கச் சட்டப்படி ஒருவர் ஒரு நாளில் படிக்கக்கூடிய உச்சவரம்பு 100 ஸ்லைடு; அதையும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பரப்பிப் படிக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை.

எனவே தவறு நேரும். எவ்வளவு நேரும் என்பதற்கும் எண் உண்டு. பரிசோதனைக்கு வரும் 1,000 பெண்களில் சுமார் 20 பேருக்கு மாறிய செல்கள் இருக்கும். செல்களை மட்டும் கண்ணால் படிக்கும் அன்றைய முறை அதில் 15 பேரைப் பிடிக்கும், 5 பேரைத் தவறவிடும். அந்த ஐவரில் யாரிடம் கவனக்குறைவு நடந்தது, யாரிடம் மனிதக் கண்ணின் எல்லைதான் காரணம் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சட்டத்தின் இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கு லட்சக்கணக்கில், இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை.

விக்கி ஃபெலன் நீதிமன்ற வாசலில் பேசிய ஒரு வாரத்துக்குள் எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 2008 முதல் செர்விகல்செக்குக்குத் தெரிவிக்கப்பட்ட கருப்பைவாய்ப் புற்றுநோய் 1,482. அதில் பழைய ஸ்லைடுகளை மறுஆய்வு செய்ய வேண்டியவை 442. அவற்றில் முன்பே வேறு முடிவு சொல்லி, முன்பே அடுத்த சோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று தெரிந்தவை 206. சில நாளில் அது 209 ஆனது; கடைசியில் 221-இல் நின்றது. அந்த 209 பேரில் தன்னைப் பற்றிய தணிக்கை முடிவு சொல்லப்படாதவர்கள் 162. பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர். 17 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கான பதில் 2016-ஆம் ஆண்டு உள்குறிப்புகளில் இருந்தது. நாடாளுமன்றக் குழு கேட்ட பிறகு அவை வெளியாயின. கடிதங்களை அனுப்புவதை நிறுத்தி வைக்கவும், வழக்கறிஞர் ஆலோசனைக்குக் காத்திருக்கவும், பரிசோதனை புற்றுநோயைக் கண்டுபிடிக்கத் தவறியது என்று பத்திரிகையில் தலைப்பு வந்தால் என்ன பதில் சொல்வது எனத் தயாராக இருக்கவும் அவற்றில் எழுதியிருந்தது. மருத்துவர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. சொன்னால் நன்மையைவிடத் தீமை அதிகம் என்று தோன்றும் சிலரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை மருத்துவரே முடிவு செய்யலாம். அந்தப் பெண் இறந்திருந்தால் முடிவை அவருடைய மருத்துவக் குறிப்பில் பதிந்து வைத்தால் போதும். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் தெரிய வேண்டிய ஒன்று, அவர்கள் ஒருபோதும் திறக்கப்போகாத கோப்பில் போய் ஒடுங்கட்டும் என்பதுதான் இதன் பொருள். இதை எழுதிய கை நடுங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது. தாளில் நடுக்கம் தெரியவில்லை.

சொல்லாமல் விட்டதில் சட்டத்தின் கணக்கு ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அயர்லாந்தில் மருத்துவக் கவனக்குறைவுக்கு வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். அது விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். தெரியாத பெண்ணுக்கு அந்த நாளே வருவதில்லை. உரிமை தாளில் அப்படியே இருக்கும்; உடம்பில் இருக்கும் காலம் மட்டும் தீர்ந்துகொண்டே போகும்.

விக்கியைத் தொடர்ந்து வந்த வழக்குகளின் தொகைகள் இவை. 2018 ஜூன் இறுதியில் ஐந்து பிள்ளைகளின் தாயான எம்மா விக் வஹூனாவுக்கு 75 லட்சம் யூரோ, சுமார் 60 கோடி ரூபாய். அக்டோபர் 7-ஆம் தேதி, 37 வயதில் இறந்துபோனார். பணம் வந்த பிறகு அவர் வாழ்ந்தது நூறு நாளும் சொச்சமும். 2019 மே 3 அன்று, சமரசம் இல்லாமல் முழு விசாரணை நடந்து தீர்ப்பான வழக்கில் ரூத் மாரிஸிக்கும் அவர் கணவருக்கும் 21 லட்சம் யூரோ. ரூத்தின் 2009, 2012 ஸ்லைடுகள் இரண்டும் தவறாகப் படிக்கப்பட்டிருந்தன.

75 லட்சம், 25 லட்சம், 21 லட்சம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒருவர் உயிருக்கு இன்னொருவர் உயிர் மூன்று மடங்கா என்று கேட்கத் தோன்றும். இழப்பீடு அப்படிக் கணக்கிடப்படுவதில்லை. வலிக்கும் வேதனைக்கும் அயர்லாந்தில் உச்சவரம்பு உண்டு. ரூத்தின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதை 5 லட்சம் யூரோ என்று உறுதி செய்தது. அதற்கு மேல் போவதெல்லாம் இழந்த சம்பளம், மருந்துச் செலவு, பராமரிப்பு, வளர்க்க வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர்களின் வயது. கடைக்குட்டிக்கு இரண்டு வயது என்றால் தாயின் கை இல்லாமல் போகும் ஆண்டுகளும் அதிகம். இந்தக் கணக்கில் அன்புக்கு இடமில்லை என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் வீட்டு வாடகையையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவதும் ஒரு வகை மரியாதைதான்.

ரூத்தின் தீர்ப்பில் ஒரு வரி தனியாக நிற்கிறது. தணிக்கை முடிவை அவரிடம் சொல்லாமல் விட்டதற்காக எச்.எஸ்.இ. தர வேண்டிய பெயரளவு இழப்பீடு 10,000 யூரோ. சுமார் 8 லட்சம் ரூபாய். 21 லட்சம் யூரோவோடு வைத்துப் பார்த்தால் அரை சதவீதமும் இல்லை. சட்டத்தின் தர்க்கம் புரியாமல் இல்லை. முதல் தவறு நோயை வளரவிட்டது. இரண்டாவது தவறு நோயை ஒரு அங்குலமும் கூட்டவில்லை, எனவே அதற்குப் பெயரளவுக்குத்தான் கொடுக்க முடியும். புற்றுக்கட்டியை அளந்து பார்த்தால் இந்த வாதம் நிற்கும். தன் உடம்பில் என்ன நடந்தது என்பதைத் தன்னைத் தவிர எல்லோரும் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று ஒரு பெண் அறிகிற அந்த நாளை அளக்க அதனிடம் கோல் இல்லை.

நீதிமன்றம் எப்போதும் இப்படி அளந்ததில்லை. 2004-இல் அதே அயர்லாந்து உச்ச நீதிமன்றம் பார்த்த இன்னொரு வழக்கு உண்டு. புராஸ்டேட் புற்றுநோய் எட்டு மாதம் தாமதமாகக் கண்டறியப்பட்டது. தாமதத்தால் வாழ்நாள் குறைந்தது என்று உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. முன்பே தெரிந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சை வாய்ப்பு போயிற்று என்பது மட்டும் நிச்சயம். கூடவே மருத்துவக் குறிப்பு பிற்பாடு திருத்தப்பட்டிருந்ததும் தெரிந்தது. கீழ் நீதிமன்றம் கொடுத்திருந்த 45,000 யூரோவை உச்ச நீதிமன்றம் 1 லட்சமாக்கியது. அதில் சரிபாதி, 50,000 யூரோ, அந்த மறைப்புக்காக. இழந்த வாய்ப்புக்கு என்ன விலையோ அதே விலை மறைத்ததற்கும். அதன் பிறகு 15 ஆண்டு கழித்து வந்த 10,000 எனக்கு ஒரு இறக்கமாகவே படுகிறது.

அடுத்த நாட்டில் கணக்கு இன்னும் கடினம். இங்கிலாந்தில் ஒருவர் 1994-இல் அக்குளில் கட்டியோடு மருத்துவரிடம் போனார். வெறும் கொழுப்புக்கட்டி என்று திருப்பி அனுப்பப்பட்டார். அது நிணநீர்ப் புற்று. சிகிச்சை ஒன்பது மாதம் தள்ளிப்போனது. பத்தாண்டு உயிர்வாழும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைந்தது என்பது நிபுணர்களின் மதிப்பீடு. 2005-இல், அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளியது. முதலிலேயே வாய்ப்பு 50-க்குக் கீழ்தான், ஆகவே தாமதம் இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்பது காரணம். 51 என்று இருந்திருந்தால் முழுத் தொகை, 42 என்பதால் ஒன்றுமில்லை. போன 17 சதவீதத்துக்கு ஐந்து நீதிபதிகளில் மூன்று பேரிடம் விலை இல்லை.

ரூத்தின் தீர்ப்பு வந்ததும் மருத்துவ உலகம் பதறியது. நீதிபதி கெவின் கிராஸ் பயன்படுத்திய அளவுகோல், ஸ்லைடு படிப்பவர் முழு உறுதி இல்லாமல் கோளாறு இல்லை என்று எழுதக் கூடாது என்பது. இப்படிப் போனால் பரிசோதனைத் திட்டமே நின்றுவிடும் என்றார்கள். மேல்முறையீட்டில் 2020 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. தலைமை நீதிபதி ஃபிராங்க் கிளார்க் விளக்கியது எளிமையானது: இது நீதிமன்றம் புதிதாகக் கொண்டுவந்த விதி இல்லை, அந்தத் தொழிலில் இருக்கும் நிபுணர்களே சாட்சியத்தில் ஏற்றுக்கொண்டது. படித்தது வெளிநாட்டுக் கூடமோ தனியார் கூடமோ, முதல் பொறுப்பு எச்.எஸ்.இ.-யுடையது என்றும் நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பைக் கேட்டு நான்கு மாதத்தில், ஜூலை 19 அன்று, 39 வயதில் ரூத் இறந்தார்.

பரிசோதனைத் திட்டம் நிற்கவில்லை. ஆனால் வேறொரு செலவு வந்தது. 2018-இல் பதற்றத்தைத் தணிக்க, விரும்பும் பெண்கள் மறுபடி இலவசமாக ஸ்மியர் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. சுமார் 57,000 பேர் வந்தார்கள். கூடங்கள் திணறின. தேக்கம் 80,000 மாதிரிகளை நெருங்கியது. முடிவுக்கு ஆறு மாதத்துக்கும் மேல் ஆனது. 2008-இல் எந்தக் காத்திருப்பைத் தவிர்க்க ஸ்லைடுகள் கடல் கடந்து போயினவோ அதே காத்திருப்பு 2019-இல் திரும்பி நின்றது. 162 பேரிடம் உட்கார்ந்து பேசுவதற்கு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்தாலும் 324 மணி. ஒரு மருத்துவரின் இரண்டு மாத வேலை.

சொல்லாமல் விட்டதற்கு அரசு முதலில் ஆளுக்கு 2,000 யூரோ கொடுத்தது. 2019-இல் தனிக்குழு அமைத்து 20,000 யூரோ என்று நிர்ணயித்தது. 221 பேருக்கும் தலா 20,000 என்றாலும் மொத்தம் 44 லட்சத்து 20 ஆயிரம். எம்மாவின் ஒரு குடும்பத்துக்குப் போன தொகையைவிடக் குறைவு. அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று பிரதமர் லியோ வராட்கர் நாடாளுமன்றத்தில் நாட்டின் பேரால் மன்னிப்புக் கேட்டார்.

இதற்கிடையே லண்டனிலுள்ள மகப்பேறு, மகளிர் மருத்துவர்களின் ராயல் கல்லூரி ஒரு பெரிய மறுஆய்வை முடித்திருந்தது. 2019 டிசம்பரில் வந்த அதன் எண்கள்: பங்கேற்ற பெண்கள் 1,038. மறுவாசிப்பில் முடிவு மாறியது 308 பேருக்கு, அதாவது பத்தில் மூன்று. அவர்களில் புற்றைத் தடுக்கவோ முன்கூட்டிப் பிடிக்கவோ இருந்த வாய்ப்பு தவறிப்போனது 159 பேருக்கு. இந்தப் போக்கு இங்கிலாந்தின் திட்டத்தோடு ஒத்துப்போகிறது என்பது கல்லூரியின் முடிவு. சில அதிகாரிகள் இதைக் கேட்டு நிம்மதி அடைந்திருப்பார்கள். எனக்கு இது குற்றச்சாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. தவறு வழக்கமான அளவுதான் என்றால் மறைக்க என்ன இருந்தது? பத்தில் மூன்று மாறும், அதில் ஒருவர் நீங்கள், வருந்துகிறோம் என்று 2014-லேயே சொல்லியிருக்கலாம். 2018 செப்டம்பரில் 50 பரிந்துரைகளோடு வந்த ஸ்காலி அறிக்கையும் நடந்ததை அமைப்பு முழுவதன் தோல்வி என்றுதான் பதிவு செய்தது.

விக்கி ஃபெலன் தனக்கான மருந்தைத் தானே தேடிப் படித்து, பெம்ப்ரோலிசுமாப் வேண்டும் என்று போராடி வாங்கினார். 221 பேருக்காக 221 பிளஸ் என்ற அமைப்பை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார். 2022 நவம்பர் 14 அன்று இறந்தார், வயது 48. சொல்லப்பட்ட கெடு அதிகபட்சம் 12 மாதம். வாழ்ந்தது 58 மாதம்.

அவர் கேட்ட சட்டம் 2023 மே மாதம் கையெழுத்தாகி, 2024 செப்டம்பர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பட்டியலிட்ட கடுமையான விபரீதங்களை நோயாளியிடமோ குடும்பத்திடமோ சொல்லியே ஆக வேண்டும்; சொல்லாவிட்டால் குற்றம். பரிசோதனைக்குப் பிறகு புற்றுநோய் வந்தவர் தன் பழைய முடிவை மறுஆய்வு செய்யக் கேட்கலாம் என்பதும் இப்போது உரிமை. மறைத்ததற்கான அபராத உச்சவரம்பு 5,000 யூரோ. இதுவரை எழுதிய தொகைகளோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனாலும் 2018-இல் பூஜ்யம் நின்ற இடத்தில் இப்போது ஒரு எண் இருக்கிறது, அதற்கு முன்னால் குற்றம் என்ற சொல்லும் இருக்கிறது.

ஸ்லைடு படிக்கும் முறையும் மாறிவிட்டது. 2020 மார்ச் 30 முதல் செர்விகல்செக் முதலில், இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால்தான் செல்களைப் படிக்கிறார்கள். வயது வரம்பு 65 ஆனது. மாறிய செல்கள் உள்ள 20 பேரில் புதிய முறை பிடிப்பது 18, தவறவிடுவது 2. இந்த இரண்டையும் எச்.எஸ்.இ. இப்போது பொதுமக்களுக்கான தன் விளக்கத்திலேயே, பரிசோதனைக்கு வரும் பெண் முன்கூட்டியே படித்துக்கொள்ளும்படி எழுதி வைத்திருக்கிறது.